பின்னால் ஸ்பீக்கர் இல்லாத வீடு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரவியிடமிருந்து போன். ரவிக்கு நாவலூர் ஆபீஸில் என் பக்கத்து சீட். திருச்சிக்காரன். ஊரப்பாக்கத்தில் புது ஃப்ளாட் வாங்கியிருக்கிறான். சாவி கைக்கு வந்து, இன்னும் பால்கூடக் காய்ச்சவில்லை... அதற்குள் சாருக்கு ஹோம் தியேட்டர் கவலை.

"மூணு ரூம் இருக்கு வேலு. எதுல வைக்கலாம்? நீதான் ஏற்கெனவே வாங்கி மண்டையை உடைச்சிக்கிட்ட ஆளாச்சே."

கேட்கவா வேண்டும்? ஆரம்பித்துவிட்டேன். சதுரமான அறை வேண்டாம் – சத்தம் கும்மென்று மண்டையில் அடிக்கும். நீளவாக்கில் இருக்க வேண்டும். ஜன்னல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வெறும் சுவரும் வெறும் தரையும் ஆகாது. திரைச்சீலை, மெத்தை, பாய் என்று சத்தத்தைக் குடிக்க ஏதாவது வேண்டும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடாதே. பின்னால் கொஞ்சம் இடம் விடு. அந்த இடத்தில்தான் பின் ஸ்பீக்கர்கள் –

அங்கே நிறுத்தினேன். திரும்பிப் பார்த்து, "இதோ வர்றேன்" என்று சொன்னேன். போனை வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை ரவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா திருக்கழுக்குன்றம் போயிருக்காங்க, வீட்ல நான் மட்டும்தான்னு நீதானே சொன்னே? அப்புறம் யாருக்கு 'இதோ வர்றேன்'? எனக்கு ஒரு சத்தமும் கேக்கலையே. கட் பண்ணணும்னா நேரா சொல்லியிருக்கலாமே."

கான்டீனில் டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். பதில் சொல்லவில்லை. ஒரு டீக்குள் சொல்லி முடிக்கிற விஷயமா அது? ஆனால் பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை அவன் வாராவாரம் படிக்கிறவன் – பிழை கண்டுபிடித்து என்னைக் கிண்டல் பண்ணுவதற்காகவே. அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு பூஞ்சேரியில். பழைய மகாபலிபுரம் ரோடு போய் முடிகிற இடத்துக்குப் பக்கம். நைனா – எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம் – மாமல்லபுரம் கடற்கரைக்குப் போகிற வழியில் இளநீர் விற்றவர். அலைச் சத்தம், டூரிஸ்ட் பஸ் ஹாரன் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்கிற குரல் அவருக்கு. பள்ளிக்கூடத்துக்கு அவரும் போனதில்லை, அம்மாவும் போனதில்லை. நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கூரை வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டினோம். ஒரு ஹால், ஒரு முன் அறை, ஒரு பின் அறை.

வீடு முடிந்த கொஞ்ச நாளில் நைனா விழுந்தார். பக்கவாதம். ஒரு பக்கம் கைகால் போயிற்று. குரலும் போயிற்று. பின் அறையில் படுக்கை. அவர் வாயிலிருந்து கொழகொழவென்று வருகிற சத்தத்தில் எது பசி, எது வலி என்று அம்மாவுக்கு மட்டும்தான் பிரிக்கத் தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. கத்திரி வெயிலில் ஒரு நாள், நான் ஆபீஸில் இருந்தபோது, மத்தியானம் போய்ச் சேர்ந்தார்.

அதற்கு அடுத்த வருஷம்தான் நான் ஹோம் தியேட்டர் வாங்கினேன். இது நியாயமா என்று கேட்காதீர்கள். வீட்டில் சத்தமே இல்லாமல் போயிருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஐந்து ஸ்பீக்கர்களையும், மோடா சைசுக்கு இருந்த சப்-வூஃபரையும் பெட்டியிலிருந்து எடுத்து வரிசையாக வைத்தேன். அம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குடா அஞ்சு? மன்சனுக்கு ரெண்டு காது தான கீது?"

முன்னால் மூன்று, பின்னால் இரண்டு என்று கையேட்டைப் புரட்டி விளக்கினேன். படத்தில் ஒருவன் பின்னாலிருந்து கூப்பிட்டால், நிஜமாகவே நம் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிடுகிற மாதிரி கேட்கும் என்றேன்.

"பின்னால இருந்தா?" என்றாள் அம்மா. அவள் முகம் மாறிவிட்டது.

சரி, எந்த அறை? ஹால் வாசலைத் திறந்தால் ரோடு; பஸ் போனால் வசனம் போய்விடும். முன் அறை சதுரம். இரண்டு ஜன்னல், சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட சாமி படங்கள். சப்-வூஃபர் அதிர்ந்தால் முருகன் முதற்கொண்டு நடுங்குவார். மிச்சம் இருப்பது பின் அறை. நீளமான அறை, ஒரே ஜன்னல். அளவெடுத்துக் கட்டின மாதிரி.

"அந்த ரூமு மட்டும் வோணாம்பா."

ஏன் என்று கேட்டேன். வோணாம்னா வோணாம் என்று எழுந்து போய்விட்டாள்.

துக்கம் என்று நினைத்தேன். படித்தவன் இல்லையா... துக்கத்துக்கு மருந்து, அந்த அறையைப் புழங்க ஆரம்பிப்பதுதான் என்று மனசுக்குள் ஒரு கட்டுரையே எழுதிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் கவனித்திருந்தேன். லீவு நாட்களில் பார்ப்பேன் – உச்சி வேளை ஆனால் அம்மா பின் அறை வாசப்படியில் வந்து உட்காருவாள். அறையைப் பார்த்து அல்ல. அறைக்கு முதுகைக் காட்டி. கையில் முறமோ கீரையோ இருக்கும். காற்றுக்காக உட்காருகிறாள் என்று நினைத்தேன். அந்த வாசப்படியில் காற்றே வராது என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேகர் வந்தான். என்னோடு பள்ளியில் படித்தவன், இப்போது செங்கல்பட்டில் ஆடியோ கடை வைத்திருக்கிறான். வாசலில் நின்று, "யம்மா, யம்மா, யம்மா" என்று ஒரே மூச்சில் மூன்று தடவை கூப்பிட்டான்.

குறும்பு இல்லை. அது எங்கள் வீட்டுச் சட்டம். இருட்டிய பிறகோ உச்சி வேளையிலோ யார் கூப்பிட்டாலும், மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் அம்மா 'ஏன்' என்பாள். காத்துக் கருப்புக்கு இரண்டு தடவைக்கு மேல் கூப்பிட வராதாம். அவசரப்பட்டுப் பதில் சொல்லிவிட்டால் கூடவே வந்துவிடுமாம். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். சின்ன வயதில் சயன்ஸ் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதற்காக அம்மாவோடு எவ்வளவோ வாதாடியிருக்கிறேன். அவள் மசியவில்லை. கூப்பிடுகிறவர்கள்தான் பழகிக்கொண்டார்கள்.

சேகர் நேராகப் பின் அறைக்குள் போனான். மூலைக்கு மூலை நின்று கைதட்டினான்.

"ரூமு சூப்பர் மச்சான். தட்டுனா சத்தம் திரும்பியே வர்ல. அப்டியே முழுங்கிக்குது."

நைனாவின் மெத்தையும் போர்வைகளும் இன்னும் அங்கேதான் இருந்தன, மூலையில் சுருட்டிக் கயிறு போட்டு. அதுதான் காரணமாக இருக்கும்.

சேகர் சாக்பீஸால் தரையில் குறி போட்டான். நாற்காலி இங்கே, பின் ஸ்பீக்கர் இரண்டும் அங்கே. ஜன்னலை அடைத்துவிடலாம், கதவைச் சுற்றி ரப்பர் பீடிங் அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே போனான்.

"அப்பால உள்ள இன்னா கத்தினாலும் வெளிய ஒரு பொட்டு சத்தம் வராது."

வாசப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"வெளிய கேக்கவே கேக்காதா?"

"கேக்காதும்மா. நீ பாட்டுக்கு நிம்மதியா தூங்கலாம்."

அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் வந்தாள். சாக்பீஸ் குறியில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். போடு, எப்படிக் கேட்கிறது என்று பார்க்கிறேன் என்றாள். ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சேகர் முன் ஸ்பீக்கர்களை மட்டும் அவசரமாக இணைத்து ஒரு டெமோ டிஸ்க்கைப் போட்டான். மழை, காடு, அப்புறம் கடல். கடலுக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு கடலை டிஸ்க்கில் கேட்பது வேடிக்கைதான்.

எங்கள் ஊரில் விடிந்தது முதல் சிற்பப் பட்டறை உளிச் சத்தம் ஓயாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் உளியைக் கீழே வைப்பார்கள். அன்றும் வைத்தார்கள். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. அறைக்குள் அலை மட்டும் வந்து வந்து போனது.

அம்மாவின் தலை லேசாக நிமிர்ந்தது. ஆனால் திரும்பவில்லை. மடியில் கிடந்த வலது கையில் ஒரு விரல் மட்டும் நீண்டது.

இன்னும் ஓர் அலை. இன்னும் ஒன்று...

இரண்டாவது விரல் நீண்டது.

"பாத்தியா மச்சான், அம்மாவே எஃபெக்ட்ட புட்ச்சிகினாங்க. பின்னால இருந்து வர்ற சத்தத்த கரீட்டா..." சிரித்துக்கொண்டே சொல்லிவந்த சேகர் பாதியில் நிறுத்தினான். குனிந்து பார்த்தான். பின் ஸ்பீக்கர்களின் ஒயர் இரண்டும் அவன் கையில்தான் இருந்தன. இன்னும் மாட்டவே இல்லை.

நான் எட்டிப்போய் பிளேயரை அணைத்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. சேகருக்கும் கேட்கவில்லை. அம்மா மட்டும் இரண்டு விரல்களை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

"பேசாத இரு. மூணாவதுக்கு காத்துகினு கீறேன்."

காத்திருந்தோம். மூன்றாவது விரல் நீளவே இல்லை.

"அன்னிக்கும் இப்டித்தான்" என்றாள் அம்மா.

நைனா போன அன்று அவள் வீட்டுக்குப் பின்னால் அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாளாம். தலைக்கு நேர் மேலே வெயில். முதுகுக்குப் பின்னால் "ஏமே" என்று ஒரு குரல். நைனா அவளை அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் அது படுக்கையில் கிடந்த கொழகொழத்த குரல் இல்லை. இளநீர் விற்ற குரல். கணீரென்று. ஒரு வருஷத்துக்கு மேல் வாய் வராத மனிதர் அந்தக் குரலில் எப்படிக் கூப்பிடுவார்? குரல் நன்றாக இருந்ததாலேயே அது அவர் இல்லை என்று முடிவு செய்திருக்கிறாள். வேறு எதுவோ அவர் குரலைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறது... பம்பைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருக்கிறாள். மறுபடியும் "ஏமே". மூன்றாவதற்குக் காத்திருந்தாள். வரவில்லை. நல்ல வேளை, தப்பித்தோம் என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறாள்.

படுக்கையில் நைனாவுக்கு உயிர் இல்லை. முகம் அடிபம்பு பக்கத்து ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்ததாம்.

"ஒங்க நைனாதான்டா கூப்புட்டுச்சி. கொரல் வந்துருச்சின்னு சொல்லத்தான் கூப்புட்டுச்சோ இன்னாவோ. நான் பேயின்னு நெனச்சி நின்னுட்டேன்." அவள் அழவில்லை. "இப்பவும் ரெண்டு தபாதான் கூப்புடுது. மூணாவது வந்தா ஏன்னு கேட்டுறலாம்னு தெனமும் குந்திகினு கீறேன். நீ ரப்பர் வெச்சி அடச்சிட்டா எனக்கு எப்டிடா கேக்கும்?"

சேகர்தான் அவள் காலடியில் குந்தினான்.

"யம்மா, தப்பா நெனச்சிக்காத. மூணு தபான்னு ரூல்ஸ் போட்டது நீ. அதுக்கு இன்னா தெரியும் பாவம்? நீ மொத தபாவுக்கே ஏன்னு கேட்டுட்டு போயேன்."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே, முதல் முறையாகப் பின்னால் திரும்பினாள்.

"இன்னாய்யா? இதோ வந்துட்டேன்."

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே எங்கோ ஓர் உளி மட்டும் தட்ட ஆரம்பித்தது. மூலையில் சுருட்டி வைத்திருந்த மெத்தை, மெதுவாக, ஒரு சுற்று விரிந்தது. கயிறு சரியாகக் கட்டியிருக்க மாட்டே என்று சேகர் இன்றைக்கும் சொல்வான். கட்டினவன் நான். இரண்டு முடிச்சுப் போட்டிருந்தேன்.

ஹோம் தியேட்டர் இப்போது ஹாலில் இருக்கிறது. பஸ் போனால் வசனம் போகிறது, போகட்டும். முன்னால் மூன்று ஸ்பீக்கர்தான். பின்னால் வைக்க வேண்டிய இரண்டும் பெட்டியோடு பரணில் கிடக்கின்றன. பின் அறைக் கதவை நாங்கள் சாத்துவதே இல்லை. அம்மாவும் இப்போதெல்லாம் அந்த வாசப்படியில் உட்காருவதில்லை. சேகர் வந்து வழக்கம்போல மூன்று தடவை கூப்பிட ஆரம்பித்தால், முதல் 'யம்மா'விலேயே, "இன்னாடா, உள்ள வா" என்று குரல் கொடுத்துவிடுகிறாள்.

போன ஞாயிறு நான் ஹாலில், பின் அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். காதில் ரவி. வெளியே உளிகள் நின்றன. பின்னால் "டேய்" என்று ஒரே ஒரு தடவை. யாருடைய குரல் என்று கேட்காதே ரவி. எழுந்து போனேன். அறையில் யாரும் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் மட்டும் விழுந்திருந்தது. "இன்னா நைனா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். மூன்றில் நீளமான அறையையே எடுத்துக்கொள். ரப்பர் பீடிங்கும் தாராளமாகப் போடு. அதற்கு முன்னால் வீட்டில் இருக்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள் – அந்த அறையிலிருந்து யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டியிருக்கிறதா என்று.

கூப்பிட்டது யார் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்... முதலில் 'இதோ' என்று சொல்லிவிடு.