நின்றால் ஓடும் நெஞ்சு

எனக்கு நிற்பதுதான் வியாதி. நடந்தால் பரவாயில்லை, உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, படுத்தால் மகாராணி. ஒரே இடத்தில் சும்மா நின்றால் போதும், நெஞ்சு தடதடவென்று அடிக்கும், காது அடைக்கும், கண்ணில் பூச்சி பறக்கும், அப்புறம் தரைதான். எழுந்து நின்றாலே இதயத்துடிப்பு எகிறும் இந்தக் கோளாறுக்கு ‘பாட்ஸ்’ என்று பெயர் உண்டென்பது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எழுபதுகளின் கடைசியில், நெல்லித்தோப்பில், எங்கள் அம்மா அதற்கு வைத்திருந்த பெயர் “சோத்த ஒழுங்கா துன்றதில்ல.”

இப்படிப்பட்டவளுக்குக் கிடைத்ததோ டீச்சர் வேலை! அப்பா மில்லில் தறி ஓட்டியவர். எங்கள் வீட்டில் நாற்காலி போட்ட வேலைக்குப் போன முதல் ஆள் நான். நாற்காலி இருந்தது, உட்காரத்தான் விடமாட்டார்கள். தினமும் காலையில் வெயிலில் பிரேயர். ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும். சேர்ந்த சில நாட்களிலேயே இரண்டு முறை விழுந்துவிட்டேன். தலைமையாசிரியையைப் பெரிய டீச்சர் என்போம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர், கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“உங்க வேலைய நிரந்தரம் பண்ண இன்ஸ்பெக்டர் வருவாரு. அவர் எதிர்ல விழுந்து வெச்சீங்கன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

எனக்கு அந்த வேலை உயிர். பிள்ளைகள் அதைவிட உயிர்.

மூன்றாம் முறை விழுந்தது ஆடி வெள்ளியன்று. பள்ளியை ஒட்டியே மாரியம்மன் கோயில், கூழ் ஊற்றும் நாள். மயக்கத்தில் நான் முன்னும் பின்னும் ஆடியதை, பிள்ளையை விட வந்த ஒரு அம்மாள் பார்த்துவிட்டார்.

“டீச்சரம்மா மேல ஆத்தா எறங்கிட்டா!”

கண் விழித்தபோது தலையெல்லாம் மஞ்சள் தண்ணீர், காலடியில் நாலைந்து பெண்கள். “எங்க வூட்டுக்காரருக்கு மில்லு வேல நெலைக்குமா தாயே?” என்று அந்த அம்மாள் குறி கேட்டார். நாக்கு வறண்டுபோய், “தண்ணி குடுங்க” என்றேன். ஆத்தாவுக்குத் தாகமாம், உடனே குலவை!

அடுத்த வெள்ளி பள்ளி வாசலில் வேப்பிலையும் எலுமிச்சம்பழமுமாக ஒரு கூட்டம். பெரிய டீச்சர் தலையில் அடித்துக்கொண்டு பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். “மோன் தியே! இது ஸ்கூலா, கோயிலா?” என்றவர், என்னை ரிக்‌ஷாவில் ஏற்றித் தாமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்.

டாக்டர் என்னைப் படுக்கவைத்து நாடி பார்த்தார். பிறகு எழுந்து நிற்கச் சொன்னார், பிடித்த கையை விடவில்லை. அவர் புருவம் உயர்ந்தது.

“என்ன டீச்சர், நிக்கிறீங்களா, ஓடுறீங்களா?”

நின்றால் இரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறதாம், அதை மேலே ஏற்றத்தான் நெஞ்சு இந்த ஓட்டம் ஓடுகிறதாம். “உங்களுக்கு பிரஷர் இல்ல, அதனால உப்பு நல்லா சேத்துக்கலாம். தண்ணி நிறைய குடிங்க. படுக்கையிலேர்ந்து சட்டுன்னு எழுந்திருக்காதீங்க. நிக்கிறப்ப கால இறுக்கி இறுக்கி விடுங்க. மயக்கம் வர்றாப்ல இருந்தா வெக்கப்படாம உக்காந்துடுங்க.”

எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு தாங்கவில்லை. நான் சோம்பேறி இல்லை, சீக்காளி இல்லை, ஆத்தாவும் இல்லை! அன்றுமுதல் காலையில் ஒரு சொம்பு நீராகாரம், உப்பைத் தாராளமாகப் போட்டு. புடவைக்குள் தம்பியின் ஃபுட்பால் சாக்ஸ், முழங்கால் வரைக்கும் இறுக்கமாக. “அக்கா, கோல் அடிக்கப் போறியா?” என்று அவன் கிண்டல் செய்தான். பிரேயரில் யாருக்கும் தெரியாமல் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். விழவே இல்லை.

ஆனால் இன்ஸ்பெக்டர் வந்த அன்று, அவருக்காகக் காத்திருந்து காத்திருந்து வெயில் ஏறிவிட்டது. பாதிப் பாட்டில் காது அடைத்தது. குதிகாலைத் தூக்கினேன், தொடையை இறுக்கினேன், ஒன்றும் பலிக்கவில்லை. விழுந்தாலும் வேலை போகும், உட்கார்ந்தாலும் போகும். உட்கார்ந்தால் மண்டையாவது மிஞ்சுமே என்று மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, டீச்சர் செய்வதைச் செய்ய வேண்டும் என்று நான்தான் பழக்கியிருந்தேன். பாடிக்கொண்டே பொத்துப் பொத்தென்று உட்கார்ந்தார்கள். அதைப் பார்த்து இரண்டாம் வகுப்பு, அதைப் பார்த்து மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடமே உட்கார்ந்துவிட்டது. பாட்டு மட்டும் நிற்கவில்லை.

“என்ன மேடம் இது?” என்றார் இன்ஸ்பெக்டர்.

பெரிய டீச்சர் என்னைப் பார்த்தார். என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். முழங்கால் வலிக்காரர் அவர், தரையில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. புடவையை ஒதுக்கிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி மெல்லக் கீழே இறங்கிச் சம்மணம் போட்டார்.

“எங்க ஸ்கூல்ல பாதிப் பாட்டு நின்னு, பாதிப் பாட்டு உக்காந்து சார். நீங்களும் உக்காருங்க.”

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வேலை நிரந்தரமானது. அந்தப் பள்ளியில் அதன்பிறகும் பிரேயர் அப்படியேதான் நடந்தது. புதிதாக வந்த டீச்சர்கள் காரணம் கேட்டால், பெரிய டீச்சர் என் பக்கம் திரும்பாமலே, “இங்க அப்படித்தான்” என்பார்.