ஸ்கேட்டுக்குச் சாணை பிடித்தவர்

கூனிமேடு பஸ் ஸ்டாப்பிலிருந்து நாலாவது கடை என்னுடையது, லேடீஸ் டெய்லரிங். ஐந்தாவது கடை ஷஃபி பாயின் ஃபேன்சி ஸ்டோர். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான் என்பதால், அவர் விடுகிற பெருமூச்சு என் மிஷின் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்கும். ஐந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவருக்கு வயசு நாற்பத்தொன்பதுதான். உட்கார்ந்தால் எழ மனசு வராது, எழுந்தால் உட்கார முட்டி மடங்காது. ஹேர் கிளிப் கேட்டு வரும் பெண்களிடம், "அங்க தொங்குது பாரும்மா, எடுத்துக்கோ" என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பவும் ரோட்டைப் பார்ப்பார். வியாபாரம் செய்யப் பிறந்த மனுஷன் இல்லை. இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் வரைக்கும் ஊரில் யாரைக் கேட்டாலும், பாய் பதினாறு வருஷம் துபாயில் பெரிய மால் ஒன்றில் ஸ்போர்ட்ஸ் மேனேஜராக இருந்தவர் என்பார்கள். அவர் மனைவியைத் தவிர எனக்கு மட்டும்தான் உண்மை தெரிந்திருந்தது. தெரிந்தது ஒரு கத்தரிக்கோலால். ரம்ஜான் நேரம், தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்து கிடக்கிறது, கத்தரியோ துணியை மென்று துப்புகிறது. நான் அதைத் திட்டிய திட்டு பொறுக்காமல் பாய் எழுந்து வந்து, "குடுங்கக்கா" என்று வாங்கிப்போனார். மறுநாள் திரும்பி வந்த கத்தரி, நாலாக மடித்த ஜரிகைத் துணியை முனை வரைக்கும் ஒரே அழுத்தில் வெட்டியது. நாற்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிறவள் நான். எனக்கா தெரியாது? "இது மேனேஜர் கை இல்லயே பாய்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். அப்புறம் சொன்னார்.

அந்த மாலுக்குள் ஒரு மைதானம் அளவுக்கு ஐஸை உறைய வைத்திருப்பார்களாம். பாலைவனத்தில் ஐஸ்! அதன்மேல் ஷூவுக்கு அடியில் நீளமான ஸ்டீல் பிளேடு வைத்த ஸ்கேட்டை மாட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளைகளும் பெரிய ஆண்களும் ஹாக்கி ஆடுவார்களாம். அந்த பிளேடு நாலு ஆட்டத்துக்கு ஒரு தரம் மழுங்கும். பின்பக்கம் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து அதற்குச் சாணை பிடிப்பதுதான் பாயின் வேலை. வெளியே நெருப்பாய்க் கொதிக்கிற வெயில், உள்ளே ஸ்வெட்டர் போட்டும் எலும்பில் இறங்குகிற குளிர். முட்டி அங்கேயே போய்விட்டது. கடைசியில் பெட்டி மாதிரி ஒரு மிஷின் வந்தது. ஷூவை உள்ளே வைத்துப் பட்டனை அமுக்கினால் அதுவே தீட்டிக் கொடுத்துவிடும். பாய்க்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

முதல் லீவில் வந்தபோதே மனைவி சனோபரிடம் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். "சாணை புடிக்கிறதுக்கா பிளேன் ஏறிப் போனீங்க? எங்கண்ணனுங்க காதுல விழுந்தா என்ன நெனைப்பாங்க? வெளிய சொல்லிடாதீங்க" என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டிருக்கிறாள். அன்றைக்கே பாய் மேனேஜர் ஆகிவிட்டார்.

சரி, ஆகிவிட்டுப் போகட்டும். யாருக்கு நஷ்டம்? ஆனால் போன வருஷம் அவர் மகள் ஆஸிஃபாவுக்கு மரக்காணத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. ஹபீப் முஹம்மது என்பவர், ஹார்டுவேர் கடைக்காரர், கௌரவமான மனுஷர். ஒரே மகன், ஷார்ஜாவில் சூப்பர்வைசர். பெண்ணின் அத்தா துபாயில் மேனேஜராக இருந்தவர் என்பதில் அவருக்கு ஒரே பெருமை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து நிச்சயம் செய்வதாகப் பேச்சு. ஆஸிஃபாவுக்கும் பையனைப் பிடித்துப்போயிருந்தது. சனோபர் ஒரு வாரமாகத் தரையில் கால் பாவாமல் நடந்துகொண்டிருந்தாள்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமைதான் ரேகா வந்தாள். கடற்கரைக் குப்பத்துக் காசிலிங்கத்தின் மகள், காலேஜ் கடைசி வருஷம். பாண்டிச்சேரியில் சக்கரம் வைத்த ஸ்கேட்டில் ஐந்து வருஷமாக ஹாக்கி ஆடுகிறாள். அவளுடைய கோச் சொல்லி, ஐஸ் ஹாக்கிக்கு மாநில டீமில் ஆள் எடுக்கிற இடத்துக்கு, டேராடூனுக்கு, வியாழக்கிழமை ரயில் ஏற வேண்டும். ஜெர்சி தொளதொளவென்று இருக்கிறது, பிடித்துக் கொடுங்கள் என்று வந்தவள், அளவெடுக்க நிற்கும்போதே அழ ஆரம்பித்துவிட்டாள்.

சீனியர் ஒருத்தியிடம் பழைய ஐஸ் ஸ்கேட் வாங்கியிருக்கிறாள். நம் ஊர் உப்புக் காற்றுக்கு மாசத்துக்குள் பிளேடு துருப்பிடித்துவிட்டது. சாணை பிடிக்க எங்கெங்கோ அலைந்திருக்கிறாள். மரக்காணத்தில் சைக்கிளில் வரும் சாணைக்காரர் ஷூவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இது என் கல்லுக்கு அடங்காது என்றாராம். பாண்டிச்சேரியில் கத்தரி தீட்டுகிற கடையில், ஊசி மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றானாம். சென்னையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடையில், வெளியூருக்கு அனுப்பித்தான் தீட்ட வேண்டும், பத்து நாள் ஆகும் என்றார்களாம்.

பெண் அலைவதைப் பார்த்துப் பொறுக்காத தகப்பன் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமல் தானே கல்லை எடுத்துவிட்டான். "ஐஸுன்னா நமக்குத் தெரியாதா? தெனம் பெட்டி பெட்டியா ஒடைக்கிறோம். எம்பொண்ணு அதைக் கிழிச்சிக்கினு போவணும்" என்று சொல்லி, படகு நிழலில் உட்கார்ந்து, மீன் வெட்டுகிற கத்தியைத் தீட்டுவதுபோல இரண்டு பக்கமும் சீவிச் சீவி ஒரே கூராக்கிவிட்டான். நான் விரலால் தடவிப் பார்த்தேன். சொரசொரப்பே இல்லை. வஞ்சிரத்தை வைத்தால் துண்டு துண்டாக விழும்.

"நல்லாத்தானடி தீட்டியிருக்கான் உங்கப்பன்? இதுக்கா அழுவுற?" என்றேன்.

"கோச்சுக்கு போட்டோ அனுப்பினேன் ஆன்ட்டி. கெடுத்துட்டீங்க, இது இனிமே ஆவாதுங்கிறாரு."

தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஷஃபி பாயின் குரல் வந்தது. "அதுல ஏறுனா கால் ஒடையும். ஏற வேணாம்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவரே திகைத்திருப்பார் என்று நினைக்கிறேன். பிறகு எழுந்து வந்து ஸ்கேட்டைக் கையில் வாங்கித் தலைகீழாகத் திருப்பி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். ரேகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உங்களுக்கு எப்படித் தெரியும் பாய்?" என்றாள். அவர் என் பில் புத்தகத்தின் பின்பக்கம் ஒரு படம் போட்டார்.

"இது கத்தி இல்லம்மா. இதுக்கு ஒத்தக் கூர் கெடையாது. உப்பளத்துல வாய்க்கா போவுது பாரு, நடுவுல பள்ளம், ரெண்டு பக்கம் கரை. அந்த மாதிரி பிளேடோட அடியில நீளத்துக்கும் ஒரு பள்ளம் இருக்கணும். ரெண்டு கரையும் ரெண்டு கூர். சாயுற பக்கத்துக் கரைதான் ஐஸைப் புடிக்கும். உங்கப்பா ரெண்டு கரையையும் அழிச்சிட்டாரு."

"நீங்களே சரி பண்ணிக் குடுங்களேன் பாய்" என்றேன் நான்.

"மிஷின் இல்லக்கா."

"மணிவண்ணன் லேத்துல கல்லு இருக்கு, ட்ரில் மிஷின் இருக்கு. அரை மணி நேரத்துல ஸ்கூட்டில போயிடலாம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் எனக்கு உறைத்தது. மணிவண்ணனின் லேத் பட்டறை மரக்காணத்தில் ஹபீப் முஹம்மது கடைக்கு நேர் எதிரே. வாசலில் ஷட்டர்கூடக் கிடையாது. அங்கே உட்கார்ந்து சாணை பிடித்தால், எதிர்க் கடை கல்லாவிலிருந்து சம்பந்தி பார்ப்பார். நிச்சயத்துக்கு மூணு நாள் இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நானும் ரெண்டு பெண்ணைக் கட்டிக் கொடுத்தவள். வாயை மூடிக்கொண்டேன். மனசுக்குள் எரிச்சலாகத்தான் இருந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. ரேகா ஸ்கேட்டைத் துணியில் சுற்ற ஆரம்பித்தாள்.

அப்போது வாசலில் காசிலிங்கம் வந்து நின்றான். மகளைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். உள்ளே வரவில்லை. நாங்கள் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும்.

"கெடுத்துட்டனா பாய்?" என்றான்.

ஆறடி ஆள். கடலில் இரண்டு தடவை படகு கவிழ்ந்தும் கரை வந்து சேர்ந்தவன். அவன் குரல் அப்படி உள்ளே போய் நான் கேட்டதில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று கேலி செய்ய நாக்கு நுனி வரைக்கும் வந்தது, அவன் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஷஃபி பாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கடைக்குப் போய் சாவியை எடுத்துக் கதவைப் பூட்டினார். "வண்டிய எடுங்கக்கா" என்றார்.

உப்பளம் வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. "இப்பகூடத் திரும்பிடலாம் பாய்" என்றேன். "ஓட்டுங்கக்கா, டயர்டா இருக்கு" என்றார். உடம்பா மனசா என்று நான் கேட்கவில்லை. பின்னால் காசிலிங்கத்தின் மொபெட்டில் ரேகா வந்துகொண்டிருந்தாள்.

பட்டறையில் உப்பு தின்ற பம்ப் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்தன. மணிவண்ணனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கல் படுத்தவாக்கில் சுழல வேண்டும் என்று பாய் சொல்லி, சின்னச் சாணைக்கல்லை ட்ரில் மிஷினில் மாட்டச் செய்தார். கல்லின் விளிம்பை வைர முனையால் தேய்த்து வளைவாக்கினார். இரண்டு இரும்புப் பட்டைக்கு நடுவில் ஸ்கேட்டைப் படுக்கவைத்து போல்ட் போட்டு இறுக்கினார். அடியில் மட்டப் பலகை, அதில் கொஞ்சம் எண்ணெய். மடங்காத முட்டியை மடக்கி ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தார். எதிர்க் கடையைப் பார்க்கவே இல்லை.

"ஐஸ்ல ஏறியிருக்கியாம்மா?"

"இல்ல பாய். சக்கரத்துலதான்."

"எத்தினி கிலோ?"

"நாப்பத்தொம்பது."

"ஆழமாப் பள்ளம் போட்டா ஐஸை நல்லாப் புடிக்கும், ஆனா நிக்கத் தெரியாதவளக் குப்புறத் தள்ளும். ஆழம் கம்மின்னா கொஞ்சம் வழுக்கும், நிக்கிறது சுலபம். ஒனக்குக் கம்மியாவே போடுறேன். ஒரு தரத்துக்குத்தான் ஸ்டீல் மிச்சம் இருக்கு. தப்பாப் போச்சுன்னா அவ்ளோதான்."

முதலில் தகப்பன் தீட்டிய கூரை முழுக்க மழித்து மட்டமாக்கினார். காசிலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு வளைந்த விளிம்புள்ள கல்லில், குதிகாலிலிருந்து நுனி வரை, நிறுத்தாமல், ஒரே வேகத்தில் ஸ்கேட்டைச் சறுக்கவிட்டார். திரும்பவும் சறுக்கவிட்டார். ஃபேன்சி ஸ்டோரில் ரப்பர் பேண்டை எடுத்துக் கொடுக்கச் சலித்துக்கொள்கிற கையா இது என்று இருந்தது. டீக் கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். பிளேடுக்குக் குறுக்கே ஒரு நாணயத்தை வைத்து இரண்டு கரையும் சமமா என்று பார்த்தார். ஒரு காலின் ஸ்கேட் முடிந்தது.

ரேகா போனாள், விழுந்தாள், எழுந்தாள், டீமில் ரிசர்வ் ஆளாக எடுத்துக்கொண்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது அவள் கதை.

இரண்டாவது கால் பாதியில் இருக்கும்போது ஹபீப் முஹம்மது ரோட்டைத் தாண்டி வந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் மூக்குக் கண்ணாடி. கூட்டம் அவருக்கு வழிவிட்டது. ஷஃபி பாயை இங்கே கூட்டி வந்தவள் நான்தானே.

"என்ன பாய் இது? நீங்க இங்க உக்காந்து..."

ஷஃபி பாய் பாதியில் நிறுத்தவில்லை. நுனி வரை கொண்டுபோய் முடித்துவிட்டுத்தான் மிஷினை அணைத்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும். இதான் பாய் என் வேல. துபாய்ல பதினாறு வருஷம் இதைத்தான் செஞ்சேன். மேனேஜர் இல்ல. வெள்ளிக்கெழமைக்கு முன்னாடி தெரிஞ்சிக்கிட்டீங்க, அதுவும் நல்லதுதான்."

ஹபீப் பாயின் முகம் சிவந்தது. ஸலாமுக்குப் பதில் சொல்லக்கூட மறந்துவிட்டார். "எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்றார்.

"ஒங்ககிட்ட மட்டுமா மறைச்சேன்? ரூம்ல நாங்க பன்னெண்டு பேரு. ஒருத்தன் கக்கூஸ் கழுவுவான், ஒருத்தன் மூட்டை தூக்குவான். போன் எடுத்தா எல்லாருமே ஊருக்கு சூப்பர்வைசர்தான் பாய். ஆஸிஃபாவ இதுல சேக்காதீங்க. அவளுக்குத் தெரியாது."

சிவப்பு இறங்கி ஹபீப் பாயின் முகம் வெளுத்தது. பக்கத்தில் கிடந்த மோட்டார்மேல், சட்டை அழுக்காகும் என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தார்.

"என் மவனும் சூப்பர்வைசர்னுதான் சொல்றான்" என்றார்.

மணிவண்ணன் ஒரு ஸ்பேனரைத் துடைத்த இடத்திலேயே துடைத்துக்கொண்டிருந்தான்.

"வீடியோ கால்ல எப்பவும் அயர்ன் பண்ணின சட்டையோடதான் வர்றான். வேல செய்ற எடத்தக் காட்டுடான்னா, அங்க போன் எடுக்கப் பர்மிஷன் இல்ல அத்தாங்கிறான்."

ஷஃபி பாய் பிளேடின் பிசிறைக் கல்லால் மெதுவாக எடுத்துக்கொண்டிருந்தார். "நானும் ஆஸிஃபாகிட்ட அதத்தான் சொல்வேன்" என்றார்.

அவர் சொன்ன விதத்தில் குத்தலே இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவலை என்று பட்டது எனக்கு. அவ்வளவு களைப்பு அந்தக் குரலில். ஹபீப் பாய், தழும்பும் காய்ப்புமாக இருந்த அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் கழித்து எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"வெள்ளிக்கெழம வர்றோம் பாய்" என்றார். ரோட்டு ஓரம் வரை போனவர் திரும்பி வந்து, எங்கள் காதில் விழக்கூடாது என்பதுபோலக் குரலைத் தணித்துக் கேட்டார். "அவனக் கேட்டுடட்டுமா?"

"கேக்காதீங்க. பொய்தான் சொல்வான், பாவம்" என்றார் ஷஃபி பாய். "லீவுல வர்றப்ப ஸலாம் சொல்லிக் கை குடுப்பான்ல, அப்ப ஒடனே கைய விட்டுடாதீங்க. கொஞ்ச நேரம் புடிச்சிக்கிட்டிருங்க."