இரண்டடி தூரத்துப் பந்து

முதல் முறை அது நடந்தபோது அதை என் கைதான் செய்தது என்று எனக்குத் தோன்றவில்லை. யாரோ பின்னாலிருந்து முழங்கையைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

பெங்களூரில், நான் சிறு வயதிலிருந்து ஓடித் திரிந்த அதே மைதானத்தில்தான் நடந்தது. பெண்கள் தொழில்முறை கோல்ஃப் போட்டி, மூன்றாம் நாள், கடைசிக் குழி. பந்துக்கும் குழிக்கும் நடுவே இரண்டடி. அதை உள்ளே தள்ளினால் கோப்பை எனக்கு. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளும் நாட்டுத் தரவரிசையில் நான்தான் முதலிடம். இரண்டடிப் பந்தைத் தினமும் இருநூறு தடவை தள்ளிப் பழகியவள். பந்தைத் தரையோடு உருட்டுவதற்கென்று இருக்கும் மட்டையை, பட்டரை, பின்னுக்கு இழுத்தேன். முன்னுக்கு வரும்போது வலது மணிக்கட்டு சட்டென்று வெட்டி இழுத்தது. பந்து குழியின் இடது பக்கமாக ஓடி நாலடி தள்ளி நின்றது. அந்த நாலடியையும் விட்டேன். ஒரே ஒரு தடவை கூடுதலாகத் தட்டிய வித்தியாசத்தில் கோப்பை வேறொருத்திக்குப் போயிற்று.

"டென்ஷன் ஆயிட்டீங்க மேடம், பரவால்ல" என்றார் பரிசு கொடுக்க வந்தவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் டென்ஷன் ஆகவே இல்லை. அந்த நேரத்தில் மத்தியானம் என்ன சாப்பிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா அந்த மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டியவர். வீடு ஜோகுபாளையத்தில், இரண்டு அறை. மைதானத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் ஊழியர்களின் பிள்ளைகள் உள்ளே போய் விளையாடலாம். நானும் அக்காவும் போவோம். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். நான் அடிப்பேன், அவள் குந்தி உட்கார்ந்து தரையைப் பார்ப்பாள். "அடிக்கறது போரு. பந்து எந்தப் பக்கம் சரியும்னு பாக்கறதுதான் ஜாலி" என்பாள். நான் தொழில்முறை ஆட்டக்காரி ஆனபோது, கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசராக இருந்த வேலையை விட்டுவிட்டு எனக்குக் கேடியாக வந்தாள். பையைத் தூக்குவது, தூரம் சொல்வது, குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பந்து எப்படி வளையும் என்று லைன் பார்த்துச் சொல்வது எல்லாம் அவள்தான். பதினோரு வருடம். என் கோப்பைகளில் பாதி அவள் கண்ணால் கிடைத்தவை.

அடுத்த போட்டியிலும் கை வெட்டிற்று. அதற்கடுத்ததிலும். இதற்கு எங்கள் ஆட்டத்தில் ஒரு பெயர் உண்டு, யிப்ஸ். அந்தப் பெயரைச் சொன்னாலே தொற்றிக்கொள்ளும் என்பது போல மற்ற பெண்கள் என் முன்னால் அதை உச்சரிக்க மாட்டார்கள். நரம்பு டாக்டரைப் பார்த்தேன். ஊசி குத்திச் சோதித்துவிட்டு, நரம்பில் ஒன்றுமில்லை என்றார். பிரேசர் டவுனில் ஒரு பிசியோதெரபி அம்மா ஆறு வாரம் தோளைப் பிசைந்தார். மனப்பயிற்சி கொடுப்பவர் ஒருவர், பந்தை என் குழந்தையாக நினைத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தையை யார் குழிக்குள் தள்ளுவார்கள் என்று கேட்டேன். அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். அம்மா என் பைக்குள் எலுமிச்சம்பழம் போட்டு வைத்தாள். அது வெயிலில் அழுகிக் கையுறையெல்லாம் நாறியது.

கொடுமை என்னவென்றால், மற்ற எதுவும் கெடவில்லை. இருநூற்று நாற்பது கஜம் அடித்தால் பந்து நூல் பிடித்த மாதிரி போகும். மணற்குழியிலிருந்து எடுப்பேன், மரத்துக்கு அடியிலிருந்து எடுப்பேன். அத்தனையும் சரியாகச் செய்து பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டு வைத்துவிட்டு, அங்கன்வாடிப் பிள்ளை செய்யும் வேலையைச் செய்ய முடியாமல் நிற்பேன். முழுக்க முழுக்க மோசமாக ஆடியிருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

பயிற்சி செய்யலாம் என்று போனால் கிளப் உறுப்பினர்கள் விட மாட்டார்கள். கிரீனில் நான் குனிந்ததும் யாராவது ஒருவர் வந்து நிற்பார். "நீ சாம்பியன்தானேம்மா? நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. தலையத் தூக்கற." அடுத்தவர் வந்து தலையைத் தூக்கவே இல்லை, மூச்சைப் பிடிக்கிறேன் என்பார். நான் எழுபது சொச்சம் தட்டில் முடிக்கிற பதினெட்டுக் குழிக்கு நூறு தட்டுக்குமேல் எடுக்கிற மனிதர்கள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரிடமும் தலையாட்டிச் சிரித்து அனுப்ப வேண்டியிருந்தது. நான் தனியாக நின்று ஒரு தடவை வாய்விட்டுத் திட்டிக்கொள்ளக்கூட அந்த மைதானத்தில் இடமில்லை.

இதற்கு நடுவில் மகளிர் தினம் வந்தது. வெளிவட்டச் சாலையில் ஒரு ஐடி கம்பெனியில் பேசக் கூப்பிட்டார்கள். விடாமுயற்சி பற்றி இருபது நிமிடம் பேசினேன். பேசி முடித்ததும், எனக்குச் சொல்லாமலே வைத்திருந்த ஒரு ஏற்பாட்டைக் காட்டினார்கள். லாபியில் பச்சை நிறத்தில் செயற்கைப் புல் விரிப்பு, கோடியில் ஒரு சின்ன ஓட்டை. மூன்றடி இருக்கும்.

"மேம், ஜஸ்ட் ஒரே ஒரு ஷாட். எல்லாரும் வீடியோ எடுக்கணும்னு வெயிட் பண்றாங்க" என்றாள் ஏற்பாடு செய்த பெண்.

மறுத்திருக்கலாம். முதுகு வலி என்று சொல்லியிருக்கலாம். நூறு போன்கள் என்னைப் பார்த்து உயர்ந்திருந்தன. தள்ளினேன். போகவில்லை. "வார்ம் அப்! வார்ம் அப்!" என்று யாரோ கத்தினார்கள். இன்னொன்று. போகவில்லை. மூன்றாவதும் நான்காவதும் போகவில்லை. நான்காவது பந்து விரிப்பைத் தாண்டிக் காபி மேசைக்கு அடியில் போயிற்று. அப்புறம் அவர்கள் கைதட்டினார்கள். அதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. கேலி செய்திருந்தால்கூட முறைத்துவிட்டு வந்திருப்பேன். விழுந்து எழுந்த குழந்தைக்குத் தட்டுகிற மாதிரி தட்டினார்கள். பொன்னாடை, துளசிச் செடி, ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் கொடுத்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

அந்தக் கோபம் எங்கே போய் இறங்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டின் கடைசிப் போட்டிகளில் ஒன்று விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மைதானத்தில். இரண்டாம் நாள். அன்றைய ஆட்டம் முடியும்போது கடைசிச் சுற்றுக்குத் தேர்வாக வேண்டும். நான் விளிம்பில் இருந்தேன். பன்னிரண்டாவது குழியில் மூன்றடி. அக்கா குந்திப் பார்த்துவிட்டு, "வலது ஓரம் பாத்து தள்ளு. லேசா உள்ள வரும்" என்றாள். நான் வலது ஓரத்தைத்தான் பார்த்தேன். கை வெட்டிற்று. பந்து குழியைத் தொடக்கூட இல்லை.

கூட ஆடிய இரண்டு பெண்கள், அவர்களுடைய கேடிகள் இருவர், ஸ்கோர் எழுத வந்த ஒரு கல்லூரிப் பெண். இத்தனை பேர் நடுவில் நான் அக்காவைப் பார்த்துச் சொன்னேன்: "ஒழுங்கா ஒரு லைன் பாக்கத் தெரியலன்னா எதுக்கு வர? கார்மெண்ட்ஸுக்கே திரும்பிப் போ."

எல்லோரும் புல்லைப் பார்த்தார்கள். நான் மிச்சத்தைத் தள்ளி முடிக்கும் வரை அக்கா காத்திருந்தாள். கொடிக் கம்பைக் குழியில் திரும்ப நட்டாள். என் பையைப் புல்லில் சாய்க்காமல், அதன் தாங்குகால்களை விரித்து நிறுத்தி வைத்தாள். துண்டை மடித்து மேலே போட்டாள். "தண்ணி பாட்டில் சைடு ஜிப்ல இருக்கு" என்று சொல்லிவிட்டு, கிளப் கட்டடம் இருந்த திசையில் நடக்க ஆரம்பித்தாள். வேகமாகக்கூட நடக்கவில்லை.

மிச்சம் ஆறு குழிகள். பையை நானே தூக்கினேன். பதினைந்து கிலோ இருக்கும். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அதன் பட்டை எந்த இடத்தில் தோளை அறுக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. யாரும் என்னோடு பேசவில்லை. தூரத்தை நானே அளந்தேன், நானே தப்பாக அளந்தேன். கடைசிச் சுற்றுக்கு நான் தேர்வாகவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை. காருக்கு வந்து பார்த்தால் அக்கா இல்லை. பஸ் ஏறி மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டாள் என்று வாட்ச்மேன் சொன்னார்.

மூன்று நாள் அவள் போன் எடுக்கவில்லை. நான்காம் நாள் ஈஜிபுராவில் அவள் வீட்டுக்குப் போனேன். சந்தில் வண்டி நுழையாது, நடந்து போக வேண்டும். அவரைக்காய் காலம். தரையில் செய்தித்தாள் விரித்து, ஊற வைத்த அவரைப் பருப்பைத் தோலிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள், அவ்வளவுதான்.

"அக்கா, தப்புதான்" என்றேன்.

"லைன் தப்பா?"

"லைன் சரிதான். நான் பேசினது தப்பு."

"நாலு பேர் முன்னாடி பேசினே. வீட்ல பேசியிருந்தா திருப்பிக் குடுத்திருப்பேன், அதோட போயிருக்கும்."

நானும் உட்கார்ந்து பிதுக்க ஆரம்பித்தேன். ஒரு கைப்பிடி சேர்ந்ததும் அவளே சொன்னாள். "உன் கை ஆடறது எனக்கு முன்னாடியே தெரியும்."

"எப்போலருந்து?"

"நீ கடைசியா கப்பு வாங்கின வருஷமே. லேசா வெட்டும். ஆனா பந்து உள்ள போயிடும். அதனால உனக்குத் தெரியல."

என் கையிலிருந்த பருப்பு தெறித்துப் போயிற்று. மன்னிப்புக் கேட்க வந்தவள் நான், மறுபடியும் கத்தினேன். "அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா? ரெண்டு வருஷம்! டாக்டர், ஊசி, அந்த லாபி, எல்லாத்தையும் பாத்துட்டு சும்மா இருந்தியா?"

"ஜெயிச்சிட்டிருக்கறவகிட்ட போயி, உன் கை சரியில்லன்னு எப்படிடி சொல்றது? அப்புறம் தோத்துட்டிருந்தே. தோக்கறவகிட்ட அத எப்படி சொல்றது?"

"சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா அன்னிக்கே கார்மெண்ட்ஸுக்குப் போன்னிருப்பே."

நிச்சயம் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அவள் எழுந்து போய் எனக்கும் சேர்த்துக் காபி போட்டாள். அந்தக் காபியைக் குடிக்கும்போதும் என் கோபம் தணியவில்லை. அவள்மேல் பாதி, என்மேல் பாதி என்று பிரித்துக்கொண்டேன்.

திரும்ப வருவதற்கு அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். மைதானத்தில் குரல் உயரக் கூடாது. அவள் பார்த்ததைச் சொன்னால் நான் கேட்க வேண்டும். முதலாவதாகச் சொன்னது இது: "அந்த வலது கையை விட்டுத் தொலை. பந்துக்கு எதிர்ப்பக்கம் வந்து நின்னு, எடது கைக்காரி மாதிரி தள்ளு."

நான் ஒத்துக்கொள்ள ஒரு மாதம் ஆனது. இருபது வருடமாக ஒரு பக்கம் நின்று பழகிய உடம்பு. இடது கைப் பட்டர் ஒன்றை வாங்கி முதல் நாள் தள்ளியபோது, செருப்பைக் கால் மாற்றிப் போட்டு நடப்பது போல இருந்தது. உறுப்பினர்களுக்குப் புதுப் பொழுதுபோக்கு கிடைத்தது. மைதானத்துத் தோட்டக்காரர் ஒருவர் குழாயைப் பிடித்தபடி நின்று, "ஏனு மேடம், உல்ட்டா?" என்று கன்னடத்தில் கேட்டார். "ஹௌது, உல்ட்டானே", ஆமாம், தலைகீழ்தான், என்றேன். அறிவுரை சொல்லாமல் அதோடு நிறுத்திக்கொண்டவர் அவர் ஒருவர்தான்.

இரண்டடி, மூன்றடிப் பந்துகள் போக ஆரம்பித்தன. கை வெட்டவில்லை. இடது பக்கத்துக்கு அந்த நோய் தெரியவில்லை போலும். ஆனால் தூரத்துப் பந்துகள் கெட்டுப்போயின. முன்பு முப்பது அடியிலிருந்து குழிக்கருகே அலுங்காமல் கொண்டுபோய் வைப்பேன். இப்போது ஒன்று பாதியில் நிற்கும், ஒன்று தாண்டி ஓடும். ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறந்துகொள்கிறது. எட்டு மாதம் இப்படிப் போயிற்று. அக்கா பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். நான் குரலை உயர்த்தவில்லை. எத்தனை தடவை உதட்டைக் கடித்தேன் என்று அவளுக்கும் தெரியும்.

போன மாதம், முதன்முதலாகக் கை வெட்டிய அந்த மைதானத்திலேயே போட்டி. மூன்று நாளும் ஆடினேன். நான்கடிக்கு உட்பட்ட பந்துகளில் ஒன்றைக்கூட விடவில்லை. தூரத்தில் மட்டும் தவறவிட்டு, இரண்டு தடவையில் முடிக்க வேண்டியதை மூன்று மூன்று தடவை உருட்டிய குழிகள் ஏழு. ஒன்பதாவது இடம்.

மறுநாள் செய்தித்தாளில் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது. "முன்னாள் சாம்பியன் ஒன்பதாம் இடம் பிடித்தார்." நான் அதை அக்காவிடம் நீட்டினேன். "பாரு, எப்படி எழுதியிருக்கான்!"

அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இதுல எது பொய்?"

எதுவும் பொய்யில்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு எரிந்தது. செய்தித்தாளை மடித்துக் காரின் பின்சீட்டில் எறிந்தேன். காலை ஏழு மணி, பயிற்சிக் கிரீனில் இன்னும் ஈரம் காயவில்லை. முப்பதடி தள்ளி ஆறு பந்துகளை வரிசையாக வைத்தேன். அக்கா குழிக்கு அந்தப் பக்கம் போய்க் குந்தினாள். முதல் பந்து குழியைத் தாண்டி, அவளையும் தாண்டி, எட்டடி போய் நின்றது.

"ஜாஸ்தி" என்றாள்.

"தெரியுது" என்றேன். அடுத்த பந்தைக் காலால் முன்னுக்கு இழுத்துக்கொண்டேன்.