ஊற்றிவிட்ட தண்ணீர்

1. ஆரம்பாக்கத்துப் புளியமரம்

ஆந்திரா எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் திரும்பியதும், ஆரம்பாக்கத்துக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்திக் கடைசி ஆளுக்காகக் காத்திருந்தேன். கடைசி ஆள் எஸ்தர். தூரத்தில் வரும்போதே பார்த்துவிட்டேன். சைக்கிளை ஓரங்கட்டினாள், பாட்டிலைத் திறந்தாள், இருந்த தண்ணீர் முழுவதையும் வேலியோரச் செடிக்கு ஊற்றினாள். பிறகு காலி பாட்டிலோடு என்னிடம் வந்து, "அக்கா, தண்ணி" என்று நீட்டினாள்.

நான் சைக்கிள் ஓட்டுகிறவள் இல்லை. ஓட்டுகிறவர்களுக்கு வேன் ஓட்டுகிறவள். அதற்கு சப்போர்ட் வண்டி என்று பெயர். அதற்கு முன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனிக்குப் பெண்களை ஏற்றி இறக்கும் வேனைப் பல வருஷம் ஓட்டினேன். இப்போது வேனில் பெண்களுக்குப் பதில் பம்ப், ட்யூப், செயின் எண்ணெய், வாழைப்பழம், ஐஸ் பெட்டி, உப்புச் சர்க்கரை பாக்கெட். முன்னால் போய் நிற்க வேண்டும், வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டும், மறுபடி முன்னால் போக வேண்டும். ஆள் மட்டும் ஏறக்கூடாது. ஏறினால் அன்றைய ரைடு அத்தோடு சரி. அதனாலேயே என் வேனைப் பார்த்தால் சில பேர் போலீஸ் ஜீப்பைப் பார்த்த மாதிரி ஒதுங்கிப் போவார்கள்.

அன்றைய ரைடு இருநூறு கிலோமீட்டர். திருவள்ளூரில் விடிவதற்கு முன் கிளம்பி, சோழவரம் வழியாக ஹைவே ஏறி, சூலூர்பேட்டையில் திரும்பி, தேர்வாய் கண்டிகை, ஊத்துக்கோட்டை வழியாக இருட்டுவதற்குள் திருவள்ளூர் வந்துவிட வேண்டும். எஸ்தருக்கு இதுதான் முதல் இருநூறு. அவள் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆப்பரேட்டர். ரைடு அவள் கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் போகிறது. ரெண்டு மணி ஷிப்டு விடும்போது கேட்டில் நின்று பார்ப்போம் என்று அவள் லைனில் வேலை செய்கிற பெண்கள் சொல்லியிருந்தார்கள். ஒரு வாரமாக அவளுக்கு அதே பேச்சு.

காலையிலிருந்து நிறுத்திய இடத்தில் எல்லாம் அவள் பாட்டில் காலியாகவே வந்தது. பொண்ணு நன்றாகத் தண்ணீர் குடிக்கிறாள் என்று ராகவன் சாரிடம் நான் பெருமையாகச் சொல்லியும் இருந்தேன். ராகவன் சார் எங்கள் குழுவை நடத்துகிறவர், திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். இப்போது அந்தச் செடியைப் பார்த்த பிறகுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். அந்த வெயிலில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. உதடு வெடித்திருந்தது. இறங்கி நின்றவளுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. தலை சுற்றுகிறது என்று வேனைப் பிடித்துக்கொண்டாள்.

முன்னால் போயிருந்த ராகவன் சார் ஆளைக் காணோம் என்று திரும்பி வந்தார். பார்த்ததும், "ஏத்திடுங்க அமுதா. ரைடு எங்கயும் போயிடாது" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கேட்டாண்ட எல்லாரும் நின்னுக்கினு இருப்பாங்க. நான் வேன்ல குந்திக்கினு எப்புடிக்கா போவேன்?"

2. எளாவூர் வீடு

ராகவன் சாரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு அவளை நிழலில் உட்கார வைத்தேன். தண்ணியை ஏன்டி கீழே ஊற்றினாய் என்று கேட்டேன்.

"குடிச்சா எங்கக்கா போறது? ஆம்பளைங்க வண்டிக்குப் பின்னாடி போயிட்டு வந்துடறாங்க."

காலையில் வீட்டில் போனதுதான். அதற்குப் பிறகு அடக்கிக்கொண்டே சூலூர்பேட்டை வரை மிதித்துத் திரும்பியிருக்கிறாள். குடிக்கவில்லை என்று தெரிந்தால் திட்டுவோம் என்றுதான் ஊற்றினாளாம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை. கம்பெனி வேன் ஓட்டிய காலத்தில் என் வண்டியில் ஏறிய பெண்கள் ஒருத்தியும் காலையில் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. கம்பெனிக்குள் போன பிறகுதான் குடிப்பார்கள். நானும் அப்படித்தான். அது எங்களுக்குச் சீட்டில் உட்காருவது மாதிரி ஒரு பழக்கம், யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அன்றைக்கும் நான் கிளம்பும்போது குடித்த டீயோடு சரி. வேன் நிறைய தண்ணீரை வைத்துக்கொண்டு!

அந்தப் பழக்கத்திலிருந்துதான் யோசனையும் வந்தது. அந்தக் கம்பெனி வேனில் வந்த தேவகிக்கு எளாவூரில் ரோட்டோரத்திலேயே வீடு. போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பிறகு எஸ்தரிடம் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கொடுத்து, "இப்ப குடி. அடுத்த ஊர்ல நமக்கு ஒரு ஊடு கீது, நான் பொறுப்பு" என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு பாட்டில் குடித்தாள். தலைக்கு ஐஸ் துணி போட்டேன். கால் பிடிப்பு விட்டதும் சைக்கிளை எடுத்தாள். எளாவூரிலும் தலை சுற்றினால் பேச்சே கிடையாது, வேன்தான் என்று டீக்கடையிலிருந்து வந்த ராகவன் சார் கறாராகச் சொல்லிவிட்டார். நானும் தலையாட்டினேன்.

தேவகி கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றிருந்தாள். "சைக்கிள் பொண்ணா? பின்னாடி போம்மா, தாப்பா நல்லா இருக்குது" என்றாள். எஸ்தர் வெளியே வந்ததும் நான் போனேன். ராகவன் சார் வாசலில் நின்று வேப்பமரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. இத்தனை ரைடு நடத்தியும் இது தோன்றவில்லையே என்று அப்புறம் என்னிடம் சொன்னார். எனக்கே தோன்றவில்லையே சார் என்றேன்.

மோர் குடித்துக்கொண்டிருந்தபோது எஸ்தரின் நெற்றியில் வேர்வை அரும்பியது. எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. தலை சுற்றல் நின்றுவிட்டது. ஆனால் மணி ரெண்டு தாண்டிவிட்டது. ஷிப்டு விட்டிருக்கும், கேட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அதை அவளும் தெரிந்துகொண்டுதான் சைக்கிளில் ஏறினாள்.

3. கண்டிகை ரோடு

கும்மிடிப்பூண்டி தாண்டி, கண்டிகை போகும் ரோட்டில் நான் முன்னால் போய் நின்றிருந்தேன். எதிரே எஸ்தர் கம்பெனி பஸ் வந்தது, ஷிப்டு விட்ட பெண்களோடு. என்னைத் தாண்டிப் போன பஸ், எஸ்தர் பக்கத்தில் போனதும் வேகம் குறைந்து ஓரமாக நின்றது. ஜன்னல் முழுக்கக் கை. பஸ் தகரத்தைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எஸ்தர் நிற்கவில்லை. ஒரு கையை உயரத் தூக்கிக் காட்டிவிட்டு மிதித்துக்கொண்டே போனாள். வேனில் தனியாக உட்கார்ந்து நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

ஊத்துக்கோட்டையில் அவளே வேனிடம் வந்து, "அக்கா, எங்க?" என்று கேட்டாள். ஒரு பெட்ரோல் பங்கில் முன்னாலேயே கேட்டு வைத்திருந்தேன், கையைக் காட்டினேன். திருவள்ளூர் வந்து சேர்ந்தவர்களில் அவள்தான் கடைசி, ஆனால் இன்னும் வெளிச்சம் இருந்தது. பாட்டிலை நீட்டினாள். காலி. நான் அவளை ஒரு பார்வை பார்த்தேன்.

"சத்தியமா குடிச்சேன்க்கா" என்றாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். டயரில் காற்று பார்ப்பதற்கு முன், வழியில் எந்தக் கதவு பெண்களுக்குத் திறக்கும் என்று பார்த்து வையுங்கள். ரைடுக்கு முதல் நாள் நான் அந்த ரோட்டில் போய் வீடுவீடாகக் கேட்டுவிட்டு வருகிறேன். நாய் துரத்தியிருக்கிறது, சில பேர் என்னை ஏற இறங்கப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் விஷயத்தைச் சொன்ன பிறகு முடியாது என்று இதுவரை எந்தப் பொம்பளையும் சொன்னதில்லை.