வெள்ளானூரில் போட்ட பந்தல்

கரையான்சாவடியில் பந்தல் போடும் வேம்புலிக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ சாவோ, துணி கட்டி முடித்ததும் செல்போனில் ஒரு படம் எடுத்துவிடுவார். ஊரும் தேதியும் படத்தின் அடியில் தானாக விழுந்துவிடும். அப்புறம் நாற்காலி குறைந்தது என்று யாரும் மல்லுக்கு நிற்க முடியாது.

தேர்தல் சமயத்தில் வெயில் மண்டையைப் பிளந்ததால், வாக்குச்சாவடிகளில் நிழற்பந்தல் போட அவசர நிதி வந்தது. வேலை வேம்புலிக்குக் கிடைத்தது. எந்தக் கட்சி நிறமும் வந்துவிடக் கூடாதென்று வெள்ளைத் துணியாகத் தேடிப் பிடித்தார். வெள்ளானூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வண்டி கிளம்பும்போது, தேர்தல் வேலை பார்த்த கிஷோர் போனில் கூப்பிட்டான்.

"வெள்ளானூர உடு அண்ணாத்தே. பெரிய ஆபீசருங்க பூந்தமல்லிக்கு வராங்கோ. துணிய அங்க கட்டு."

கட்டினார். வாக்குப்பதிவன்று வெள்ளானூர் வரிசையில் நின்ற மங்களம் வெயிலில் சுருண்டு விழுந்து செத்துப்போனாள். ஆபீசர்கள் பார்த்துவிட்டுப் போனதும் பூந்தமல்லியில் அவிழ்த்த அதே துணியை, சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் வேம்புலி கட்டினார். வழக்கம்போலப் படமும் எடுத்தார்.

ஆடி மாதம் கிஷோர் கொட்டகைக்கே வந்துவிட்டான்.

"செலவு பண்ணதுக்கு மாநிலத்துலேந்து மேல கணக்கு போவணுமாம். பூத்துக்கு ஒரு போட்டோ. வெள்ளானூருது மட்டும் இல்ல. அது இல்லாம உன் பில்லும் நவுராது."

"போடாத பந்தலுக்கு நான் இன்னா சார், சினிமா செட்டா போடறது?"

கிஷோர் அவர் போனை வாங்கிப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனான். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இதோ கீதே. ஊரு வெள்ளானூரு. தேதியும் அதான்."

"சார், அது சாவு ஊடு."

"ஐஸ் பொட்டிய வெட்டிட்டா வெறும் பந்தல்தான."

கிஷோர் தலை மறைந்தால் அவன் குரலிலேயே பேசி ஆட்களைச் சிரிக்கவைப்பது வேம்புலியின் பொழுதுபோக்கு. அன்றைக்கு ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் கயிறு சுருட்டப் போய்விட்டார். கூலி பாக்கி நின்ற ஆட்கள் அவர்கள். வெள்ளானூர்ப் பள்ளிக்கூடத்தில் பந்தல் போட்டதாக வேம்புலி கையெழுத்துப் போட்டிருந்தார். படமும் போய்விட்டிருந்தது.

கொஞ்ச நாளில் மங்களத்தின் புருஷன் கஜபதி வந்தார்.

"நெழலு இல்லாமதான் எம்பொண்டாட்டி செத்தான்னு மனு குட்த்தேன் அண்ணாத்தே. நாளைக்கு விசாரண. பள்ளிக்கூடத்துல பந்தல் இருந்துச்சாம், போட்டோ கூட கீதாம், ஆபீசுல சொல்றாங்கோ. எனக்கு சிரிப்பு வந்துச்சு. இங்க பந்தல்னா நீதான? நீ வந்து இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா போதும்."

வேம்புலி நாற்காலியை இழுத்துப் போட்டார். கஜபதி உட்காரவில்லை.

"போட்டோவ நம்மகிட்ட காட்டுவாங்களாம். எவன் ஊட்டு வாசல எடுத்து ஒட்டிகீறானுங்களோ. நாம பாத்தா தெரிஞ்சிடும் இல்ல?"

வேம்புலி தலையை ஆட்டினாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை.

"காலைல நானே வண்டி எடுத்துகினு வந்து உன்ன இட்டுகினு போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார் கஜபதி.