எல்லைக் காவலர் பெரார்தினோ

பெரார்தினோ வியர்வை சிந்தி வேலை செய்ததை அவன் மனைவி ஃபிலோமினா ஒரே ஒரு முறைதான் பார்த்தாள். அதுவும் திருட்டு வேலை.

ஊருக்கு மேலே மலைச்சரிவில், ஒரு காலத்தில் போப்பின் நாடும் நேப்பிள்ஸ் மன்னரின் நாடும் முட்டிக்கொண்ட இடத்தில், உருண்டைத் தூண்களாக எல்லைக் கற்கள் நின்றன. போப் பக்கம் அவர் சின்னமான சாவிகளும், மன்னர் பக்கம் அவருடைய அல்லி மலரும் செதுக்கியிருந்தன. இரண்டு ஆட்சியும் ஒழிந்து இத்தாலி ஒன்றாகிப் பல காலமான பிறகும் கற்கள் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று ஒயின் கடையில் எவனோ அளந்துவிட்டான்.

மண்வெட்டியைத் தொட்டாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும் பெரார்தினோ, மறுநாளே கடப்பாரையோடு மலையேறினான். சாய்ந்த கல் சரிவில் உருண்டு, அவனுடைய வேலியையே உடைத்து, பன்றிக் கொட்டிலில் மோதி நின்றது. குழியில் கிடைத்தது துருப்பிடித்த இரும்பு வில்லை ஒன்று. தங்கமா என்று கடித்துப் பார்த்தான். முன்பல் போயிற்று.

“இன்னும் நெறைய பல்லு இருக்கே. கடிச்சுக்கிட்டே இரு, எப்பவாவது தங்கமாகும்,” என்றாள் ஃபிலோமினா.

கல் கொட்டிலுக்கு முட்டுக்கொடுத்தபடி அங்கேயே கிடந்தது. வருஷங்கள் கழித்துப் பழைய கற்களுக்குத் திடீரென்று மவுசு வந்தது. காணாமல்போன கல்லைத் தேடி மேயரே வந்தார். பெரார்தினோ தொப்பியைக் கழற்றி, திருடர்களுக்குப் பயந்துதான் கல்லை வீட்டில் வைத்துக் காத்துவந்ததாகக் கூசாமல் சொன்னான். மேயருக்குக் கண் கலங்கிவிட்டது.

பேண்டு வாத்தியத்தோடு கல்லை மறுபடி நட்டார்கள். எந்தப் பக்கம் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்குப் பெரார்தினோ கம்பீரமாகக் கை காட்டினான். போப்பின் சாவிகள் நேப்பிள்ஸைப் பார்த்து நின்றன. பாதிரியார் கவனித்தார், விருந்து ஆறிவிடுமே என்று பேசாமல் இருந்துவிட்டார்.

மேயர் பெரார்தினோவுக்கு ‘எல்லைக் காவலர்’ என்று பட்டம் சூட்டியபோது ஃபிலோமினாவால் பொறுக்க முடியவில்லை.

“ஐயா, கல்லைத் தள்ளினதே இந்த ஆளுதான். வாயத் தொறக்கச் சொல்லிப் பாருங்க, தெரியும்.”

மேயர் சிரித்தார். இந்த ஊர்ப் பெண்களுக்கு நல்ல நகைச்சுவை என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். பெரார்தினோவும் தட்டினான்.

அன்றிலிருந்து அவனைப் பெயர் சொல்லி அழைப்பதை அவள் விட்டுவிட்டாள்.

“காவலரே, பன்னி கத்துது. போய்த் தீனி வைங்க.”

மரியாதை கூடியிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். மார்பை நிமிர்த்தி, வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.