உதவித்தொகைப் பிரிவும் என் வாய்ப்பூட்டும்

உதவித்தொகைப் பிரிவில் வேலை பார்ப்பதென்றால், ஊரார் வீட்டு அலமாரியையெல்லாம் திறந்து பார்த்துவிட்டு, வெளியே வந்து ஒன்றுமே பார்க்காதவள் போல முகத்தை வைத்துக்கொள்வது. பல்கலைக்கழகத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து பதினோரு வருஷமாகிறது. யாருடைய அப்பாவுக்கு என்ன வருமானம், யார் வீட்டுக்கு ஓடு, யார் வீட்டுக்குத் தளம், எந்தக் கையில் மச்சம் என்பது வரை எனக்குத் தெரியும். மச்சம் எதற்கு என்று என்னைக் கேட்காதீர்கள். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது.

வங்கியிலோ ஆஸ்பத்திரியிலோ கோப்புகளோடு மல்லுக்கட்டும் உங்களுக்கு இந்த அவஸ்தை புரியும். போதாக்குறைக்கு நான் குடியிருப்பது மலையாளக் கரையில் உள்ள மட்டாஞ்சேரியில். காலையில் படகுத்துறையில் படகுக்கு நிற்கும் பத்துப் பேரில் நாலு பேர் வீட்டுச் சங்கதி என் மேஜையில் இருக்கும்.

கேட்டது நாலு, வந்தது ஒரு பை

விண்ணப்பத்தோடு நாங்கள் கேட்பது நாலே நாலு நகல். போன வருஷம் ஒரு அப்பா, அரிசி மண்டியில் மூட்டை தூக்குபவர், கட்டைப் பை நிறையக் கொண்டுவந்து கொட்டினார். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பெண்ணின் தடுப்பூசி அட்டை, அவருடைய கல்யாணப் பத்திரிகை, ஜாதகம், கடைசியில் இடுப்பு எக்ஸ்ரே. மூட்டை தூக்கி இடுப்பு போனதற்கு அதுதான் சாட்சியாம்.

தேவைக்கு மேல் ஒரு தாள்கூட வாங்கி வைக்கக் கூடாது என்பது எங்கள் விதி. ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்தேன். எக்ஸ்ரேயை மட்டும் அவர் வாங்கிக்கொள்ளவே இல்லை. ஜன்னல் வெளிச்சத்தில் எனக்கு எலும்பைக் காட்டி விளக்கிவிட்டு, மறுபடியும் மேஜையில் வைத்தார்.

"இருக்கட்டும் மேடம். ஒண்ணு குறையுதுன்னு திருப்பி அனுப்பாத ஆபீஸ நான் இன்னும் பாக்கல."

கடைசியில் ஒரு நட்சத்திரம்

விண்ணப்பதாரர்களின் தகவலைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று ஒரு நாள் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். பாஸ்வேர்டை எங்கும் எழுதி வைக்கக் கூடாது என்றார்கள். அதுவரை அது கம்ப்யூட்டர் திரையின் நெற்றியில் சந்தனப் பொட்டு மாதிரி ஒட்டியிருந்தது. எங்கள் சூப்பிரண்டு சார் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒரு முழ நீளத்துக்குப் புதிதாக ஒன்று வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்ததும் அவருக்கே மறந்துவிட்டது.

கவுண்டரில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள். சார் தட்டுகிறார், வியர்க்கிறார், மறுபடி தட்டுகிறார். சாயா டம்ளர்களோடு பின்னால் நின்ற எங்கள் பியூன் ஜோசப் சேட்டன் தயங்கித் தயங்கித் தொண்டையைக் கனைத்தார். சார் ஒற்றை விரலால்தான் தட்டுவார், தட்டும் எழுத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவார். ஜோசப் சேட்டன் முதல் எழுத்திலிருந்து அத்தனையையும் மனப்பாடமாக ஒப்பித்தார். கவுண்டரில் நின்ற பிள்ளைகளும் கேட்டுக்கொண்டார்கள்.

"சாரே, அவசானம் ஒரு நட்சத்திரம் உண்டு. அது மறக்கண்டா."

துபாயில் இருப்பவர்

எங்கள் தெருக்கோடியில் பாக்கியம் குடியிருக்கிறாள். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். சுக்குக் கிடங்கில் தரம் பிரிக்கும் வேலை. அவள் புருஷன் துபாயில் இருப்பது தெருவுக்கே தெரியும். கிரேன் ஓட்டுகிறார், போன வாரம்கூடப் பேசினார், வெயில் தாங்கவில்லையாம். ஆறு வருஷமாக அவருக்கு வெயில் தாங்காததை நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இந்த வருஷம் அவள் மகள் கவிதாவின் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்தது. கூடவே வில்லேஜ் ஆபீஸ் சான்றிதழ்: கணவரால் கைவிடப்பட்டவர், ஆறு வருஷமாகத் தொடர்பு இல்லை. இரண்டு தரம் படித்தேன். கோப்பை மூடிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

இரண்டாம் நாள் கவிதாவே வந்துவிட்டாள், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு கடிதத்தோடு. இந்தத் தொகை கிடைக்காவிட்டால் அவள் காலேஜை விட்டுவிட்டு ஜவுளிக்கடைக்குப் போக வேண்டியதுதான். "ஏன் மோளே?" என்றேன்.

"இது உங்க மேஜைக்கு வரும்னு அம்மாக்கு அறியாது ஆன்ட்டி. தெரிஞ்சதுலேர்ந்து சோறு இறங்கல. தெருவுல ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் வீட்டைக் காலி பண்ணிடலாம்னு சொல்றா."

கடிதத்தை மடித்து அவள் பைக்குள்ளேயே வைத்தேன். ஆபீஸில் படித்ததை ஆபீஸிலேயே விட்டுவிட்டுத்தான் படகு ஏறுவேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அங்கிள் கேட்டா?"

அங்கிள் கேட்டார்

கேட்காமல் இருப்பாரா? என் வீட்டுக்காரர் அதே சுக்குக் கிடங்கில் சூப்பர்வைசர். பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று தெரியாவிட்டால் தம் வீட்டுக் குழம்பு அவருக்கு ருசிக்காது. "துபாய்க்காரன் பொண்டாட்டி எதுக்குடி சுக்கு பொறுக்கணும்? அந்தப் பொண்ணு உங்க ஆபீஸ்ல அப்ளிகேஷன் போட்டிருக்காமே, அப்பன் கட்டத்துல என்ன எழுதியிருக்கு?" என்று ஒரு வாரம் விடாமல் துளைத்தார். சாயாவோடு ஒரு தரம், மீன்குழம்போடு ஒரு தரம்.

உண்மையைச் சொல்கிறேன், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அவர் ஆவென்று வாயைப் பிளக்கும்படி ஒரு செய்தி என் கையில் இருக்கிறது. ஆனால் கவிதா பார்த்த பார்வையும் கூடவே வந்து நின்றது. "நீங்க தலைக்கு மை அடிக்கிறது எனக்குத் தெரியும். தெருவுல யார்கிட்டயாவது சொல்லியிருக்கேனா?" என்றேன். அவர் சட்டென்று எழுந்து போய்க் கண்ணாடி பார்த்தார்.

"அது வேறடி. அது என் சொந்த விஷயம்."

பலகையில் சூப்பிரண்டு சார்

வீட்டில் பூட்டுப் போட்டாயிற்று. ஆபீஸில் கதவு திறந்து கிடந்தது. தேர்வானவர்களின் பட்டியலை நோட்டீஸ் பலகையில் ஒட்டுவது எங்கள் வழக்கம். பெயர், விலாசம், பெற்றோர், வருமானம், உதவிக்குக் காரணம். கவிதாவின் பெயருக்கு நேரே "கைவிடப்பட்டவரின் மகள்" என்று இருக்கும். ஒட்டிய அரை மணியில் யாராவது போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் போடுவார்கள். சாயங்காலப் படகுக்கு முன்னால் அது மட்டாஞ்சேரியில் கரையேறிவிடும். இத்தனை வருஷமும் அந்தப் பட்டியலுக்குப் பசை தடவியவள் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

விண்ணப்ப எண் மட்டும் போதுமே என்று சாரிடம் கெஞ்சிப் பார்த்தேன். எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று முடித்துவிட்டார். மறுநாள் கையெழுத்துக்கு வைத்த தாள்களுக்கு நடுவே ஒரு பட்டியலைச் செருகினேன். அதே கட்டங்கள், ஒரே ஒரு பெயர். சாருடைய பெயர், வயது, சம்பளம், வீட்டுக் கடன், காரணம் என்ற இடத்தில் "சர்க்கரை வியாதி இருந்தும் மதியம் இரண்டு டம்ளர் பாயசம்". எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் அவர் வாயால் சொன்னவைதான். பேனாவைத் திறந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இதாரு எழுதியது? என்டெ ஷுகர் வரெ உண்டல்லோ இதில்!"

அன்று மத்தியானம் வெறும் எண்களோடு பட்டியல் பலகை ஏறியது. ஒருத்தருக்கும் தங்கள் எண் ஞாபகமில்லை. வராந்தாவில் சந்தைக் கூச்சல். பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துப் பரிதாபப்பட்ட ஜோசப் சேட்டன், முழுப் பட்டியலையும் உள்ளேயிருந்து எடுத்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறிவிட்டார். "பேரு பறஞ்ஞோ மக்களே, ஞான் உறக்கெ வாயிக்காம்!" என்று ஊருக்கே கேட்கும்படி உரக்கப் படிக்கப் போனார். சட்டையைப் பிடித்து இழுத்துதான் அவரை இறக்கினேன்.

எல்லோரும் போன பிறகு கவிதா வந்தாள். உள்ளங்கையில் எழுதியிருந்த எண்ணைப் பலகையோடு ஒப்பிட்டாள். அது இருந்தது. கையைச் சுடிதாரில் தேய்த்து அழித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே படியிறங்கிப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, வராந்தாவில் யாரும் இல்லை.

பேரீச்சம்பழம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் ஒரு பாக்கெட் பேரீச்சம்பழத்தோடு வீட்டுக்கு வந்தாள். "அவரு துபாய்லேர்ந்து ஆள்கிட்ட குடுத்துவிட்டாரு அக்கா" என்றாள், என் வீட்டுக்காரர் காதில் விழும்படி. பாக்கெட்டை வாங்கினேன். நான் வழக்கமாகப் புளி வாங்கும் பஜார் கடையின் விலைச் சீட்டு அதில் அப்படியே இருந்தது. அவசரத்தில் கிழிக்க மறந்திருக்கிறாள்.

என் வீட்டுக்காரர் கையை நீட்டினார். சீட்டைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, இரண்டு பழத்தை எடுத்து அவர் கையில் வைத்தேன். வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றார். "என்ன இருந்தாலும் துபாய்ச் சரக்கு துபாய்ச் சரக்குதான்!" என்றார். ஒரு வாரத்துச் சந்தேகம் அந்த இரண்டு பழத்தோடு கரைந்துபோயிற்று. பாக்கியம் என் கட்டைவிரலைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

வாசல் வரை கூடவே போனேன். தெருவில் எந்நாளும் என்னை அக்கா என்று கூப்பிடுபவள், செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"அடுத்த வருஷமும் அவருக்கு லீவு கிடைக்காதாம் மேடம். ரினீவலுக்கு அதே வில்லேஜ் ஆபீஸ் பேப்பர் போதுமா?"

தகவல் பாதுகாப்பு என்றால் என்னவென்று பயிற்சி வகுப்பில் ஒரு நாள் முழுக்கச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தவரை அது, விலைச் சீட்டைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு பேரீச்சம்பழம் பரிமாறுவதுதான்.